குரங்கணி மேட்டில் ஒரு குரல்

போன வாரம் என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். மருமகளின் ஏற்பாடு. அவள்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. "மாமா" என்று ஒரு தடவை கூப்பிடுவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். மறுபடி கூப்பிடுவாள், அப்போதும் அசையமாட்டேன். மூன்றாவது தடவை அவள் தொண்டையைத் திறந்த பிறகுதான் "என்னத்தா?" என்பேன். செவிடு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாள், பாவம்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தது டாக்டர் பெண். "சத்தம் கேட்டதும் அழுத்துங்க ஐயா." கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நன்றாகவே கேட்டது. விரல்தான் போகவில்லை. இன்னொரு தடவை வந்தது. அதற்கும் போகவில்லை. மூன்றாவதற்குத்தான் அழுத்தினேன். கடைசிவரைக்கும் இதே கூத்து. அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, மொதல் சத்தம் கேக்குதா, கேக்கலையா?" என்றது.

"கேக்குதும்மா."

"பிறகு ஏன் அழுத்த மாட்டேங்கிறீங்க?"

என்னத்தைச் சொல்வது? "பழக்கம்மா" என்றேன். அது சிரித்துவிட்டு, காதில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் மருமகள் என்னோடு பேசவில்லை. வீம்புக்குச் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

வீம்பு இல்லை. போடிக்கு மேலே மலையில் சோலி பார்த்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறினது. அந்தச் சரிவில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. அந்த நேரத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒண்ணாங் குரலுக்குப் பதில் சொல்லக்கூடாது. ரெண்டாங் குரலுக்கும் கூடாது. மூணாங் குரல் வந்தால்தான் 'ஊம்' கொட்டவேண்டும். அது வந்த பிறகு கொட்டாமல் இருக்கவும் கூடாது. காய்ச்சலில் விழுந்தும் கால் வழுக்கியும் யானையிடம் மாட்டியும் அந்த மலையில் செத்தவர்கள் எத்தனையோ பேர். துணைக்கு ஆள் வேண்டும் என்று அதுகள் கூப்பிடுமாம். ஆனால் மூன்றாவது தடவை கூப்பிட அதுகளுக்குத் தெம்பு கிடையாதாம். அவசரப்பட்டுப் பதில் சொன்னவரை வருஷம் திரும்புவதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். அதனால் உயிரோடு இருக்கிற மனுஷன், தான் மனுஷன்தான் என்று காட்டுவதற்கு, மூச்சுவிடாமல் மூன்று தடவை கூப்பிடுவான். பழக்கம் முற்றிப்போய், போடி கடைத்தெருவில் நின்றுகொண்டு டீக்கடைக்காரரைக்கூட "முத்தையா, முத்தையா, முத்தையோவ்!" என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே நிற்கிற மனுஷனை இதென்ன கூப்பாடு என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

அப்படி முழிக்க வேண்டிய ஒரு வெளியூர்க்காரர் முழிக்காமல் போனதுதான் இந்தக் கதை.

எங்களுடையது கருவாட்டுக் கடை. ஐப்பசியில் போடிக்குள் நுழைந்தால் தெருத்தெருவாய் ஏலக்காய் மணக்கும். எங்கள் கடை இருந்த சந்து மட்டும் மணக்காது, நாறும். அப்பா வேம்பாற்றுக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர். மழைக்காலத்தில் எஸ்டேட்டுகளுக்குக் காய்கறி ஏறாது. அரிசியும் கருவாடும் இருந்தால் மலையில் சனம் பிழைத்துக்கொள்ளும். அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. நானும் படிப்பை முடித்து, மூக்கை மூடிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் சட்டையில் ஏறியிருந்த வாசனைக்கு எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அனுதாபம் கிடைத்தால் வரட்டும்.

அக்காவுக்குக் கருவாடென்றாலே குமட்டும். லூர்து மேரி என்று பேர். "இந்த நாத்தத்தை விட்டுத் தொலையணும்னே கல்யாணம் கட்டிக்கிறேன்" என்பாள். கடைசியில் அவளை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் தெரியுமா? வேம்பாற்றில் வத்தைப் படகு வைத்திருந்த எங்கள் அத்தை மகன் சூசைக்கு. கருவாட்டிலிருந்து தப்பித்துப் பச்சை மீனுக்குப் போய்விட்டாள் என்று நான் கேலி செய்தால் தலையில் குட்டுவாள். ஆனால் மச்சானை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆள் வாட்டசாட்டம். அதிகம் பேசமாட்டார். பேசினால் எல்லாம் கடலாகத்தான் இருக்கும்.

சண்டைக்காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வர ஆரம்பித்திருந்த சமயம். அந்த ரயிலில்தான் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் வந்தார்கள். வந்த மூன்று நாளும் விருந்து. ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் வாயைத் திறந்தார். "மாமா, கோழியாத் தின்னு அலுத்துப்போச்சு. ஊரையும் மலையையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றோமே."

விடிந்ததும் கிளம்பினோம். நான், அக்கா, மச்சான். முதலில் ஊர். ஜமீன் அரண்மனையை வெளியே நின்று பார்த்தார். "ஓடு மாத்தணும்" என்றார். கொட்டகுடி ஆற்றுப் பாலத்தில் நின்று, "இம்புட்டுத்தானா ஆறு?" என்றார்.

"ஒங்க ஊர்ல பேருல மட்டுந்தான் ஆறு இருக்கு" என்று அக்கா வெடுக்கென்று சொன்னாள். மச்சான் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

ஏலக்காய்க் கடைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பருத்த பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். கையும் ஓயாது, வாயும் ஓயாது. அக்காவுக்குத் தெரிந்தவர்கள்தான் பாதிப் பேர். புது மாப்பிள்ளை கையில் ஒரு பிடி காயைத் திணித்து, "மெல்லுங்க அண்ணே, மீன் திங்கிற வாயி மணக்கட்டும், எங்க லூர்து பாவம்ல!" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. மச்சான் காது சிவந்துபோய், அத்தனை காயையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் பல்லில் பட்டால் எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

மலையிலிருந்து இறங்குகிற தேயிலைப் பெட்டிகளை ஏற்றப்போகிற லாரியில் தொற்றிக்கொண்டு கொட்டகுடி போய், அங்கிருந்து குரங்கணிக்கு நடந்தோம். மேலே இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன. மச்சான் அண்ணாந்து பார்த்து நடந்து இரண்டு தடவை தடுக்கினார்.

குரங்கணியில் ஒச்சண்ணன் இரண்டு மட்டக்குதிரைகளோடு காத்துக்கொண்டிருந்தார். எங்கள் கடைக் கருவாட்டை எஸ்டேட்டுகளுக்கு ஏற்றுகிறவர் அவர்தான். முப்பது வயதிருக்கும். நல்ல மனுஷன், வாயாடி, மலையை உள்ளங்கைபோல் அறிந்தவர். மச்சான் போனதும் போகாததுமாகக் குதிரைமேல் லோடு கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்து, முடிச்சை அவிழ்த்து, தன் மாதிரியில் மாற்றிப் போட்டார். ஒச்சண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. அரை மைல் ஏறியும் சுமை அசையவில்லை என்று கண்ட பிறகு, "கடல்காரரு முடிச்சு கெட்டியாத்தான் இருக்கு ஆத்தா" என்று அக்காவிடம் சொன்னார்.

காய் எடுக்கிற காலம். ஏலத்தோட்டத்துக்குள் வெயில் விழாது. ஆளுயரச் செடி, அடியில் ஈரம், செடியின் காலடியில் மண்ணோடு ஒட்டி வளைந்து கிடக்கும் காய். பழம் மரத்தில் காய்க்கும், கிழங்கு மண்ணுக்குள் விளையும், இது என்ன ரெண்டுங்கெட்டானாய் இருக்கிறது என்று மச்சானுக்கு ஆச்சரியம். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலில் ஏறின அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அவருக்கு ஒவ்வொன்றாய்க் காட்டினாள். அன்றைக்கு அவள் இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்லமுடியாது. அவள் பிறந்த மண்ணை அவள் புருஷன் மூக்கைச் சுளிக்காமல் பார்க்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஓடைக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். தின்றுகொண்டே மச்சான் கேட்டார், "ஒச்சண்ணே, இம்புட்டு ஒசரம் வந்துட்டோமே, இங்கிருந்து கடலு தெரியுமா?"

"மேகம் இல்லாட்டி எல்லாந் தெரியும்ய்யா. அந்தா அந்தப் பாறையில ஏறிப் பாருங்க, ராமேஸ்வரமே தெரியும்" என்றார் ஒச்சண்ணன். அவருடைய வழக்கமான அளப்புத்தான். மதுரைக் கோபுரம் தெரியும், கொழும்பு தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் விடுவார். மச்சான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "நீங்க லோடைக் கட்டுங்க, நான் ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றேன்."

போனவர் செடிகளுக்குள் மறைந்த சற்று நேரத்தில் மஞ்சு இறங்கியது. இறங்கியது என்பது பேச்சுவழக்குத்தான். அன்றைக்குப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் பாறை காணாமல் போனது. பிறகு மரங்கள். பிறகு ஓடை, சத்தத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனது. ஒச்சண்ணன் குதிரைகளைக் கையோடு பிடித்துக்கொண்டார். பாறைக்கு அந்தப்புறம் கிடுகிடு பள்ளம். போய்த் தேடுவதற்கும் வழியில்லை; எங்கள் கால் எங்களுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"லூர்தூ..."

எந்தத் திக்கு என்று தெரியவில்லை. மேலேயா, கீழேயா, பக்கத்திலா? என் வாய் தானாகத் திறந்தது. ஒச்சண்ணன் சட்டென்று என் வாயைப் பொத்தினார். "இருங்க தம்பி. மூணு வரட்டும்." அக்காவும் போடிக்காரி. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

நின்றோம். ரெண்டாங் குரல் வரவில்லை.

ஒரு கல் எங்கேயோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. விழுந்துகொண்டே போனது. ஒச்சண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அவரு இல்ல. அவருன்னா மறுக்காக் கூப்பிட்டிருப்பாரு. வாயத் தொறக்காதிய" என்று முணுமுணுத்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. "தம்பி, அவருக்குத் தெரியாதுடா" என்றாள். "மூணு தடவ கூப்பிடணும்னு நாம அவருகிட்டச் சொல்லவே இல்லியேடா."

சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, ஒச்சண்ணன் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

"ஆத்தா, வேணாம் ஆத்தா!" என்று ஒச்சண்ணன் கெஞ்சினார். அக்கா தலைப்பை உதறினாள்.

"ஊம்! இந்தா இருக்கேன்! இங்கிட்டு வாங்க!"

பதில் இல்லை. வெள்ளையாய் நின்ற மஞ்சுதான் இருந்தது. அவள் விடவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சத்தம்போட்டுப் பேசினாள். "கேக்குதா? இங்கிட்டு, ஓடைப் பக்கம்! நேத்துக் கொழம்புல உப்பைக் கொட்டுனது எங்கம்மா இல்ல, நான்தான்! ஒங்க பொகையிலையை ஒளிச்சு வச்சதும் நான்தான்! ராமேஸ்வரம் பாக்கப் போனீகளே, பாத்தாச்சா? வாங்க, ஒங்கம்மாகிட்டச் சொல்லி ஒங்கள என்ன செய்றேன் பாருங்க!" அழுதுகொண்டே திட்டினாள். எதிரே ஒருத்தர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், வேறு ஏதாவது நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற பயத்தோடு, அவள் நிறுத்தாமல் பேசினாள். என் வாழ்நாளில் அவ்வளவு தைரியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

செடிகள் அசைந்தன. மச்சான் வந்தார். முழங்காலில் ரத்தம், வேட்டி கிழிந்திருந்தது. ஒச்சண்ணன் முதலில் அவர் பாதம் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். பிறகு குதிரையின் கடிவாள இரும்பை நீட்டித் தொடச் சொன்னார். மச்சான் தொட்டார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பக்கத்தில் போகவிட்டார்.

"கால் வைக்கிற எடமெல்லாம் கல்லு சரியுது. அப்படியே நின்னுட்டேன்" என்றார் மச்சான். பிறகு கோபத்தோடு, "ஏன் ஒச்சண்ணே, குரல் குடுத்தா பதில் குடுக்க மாட்டியளா?"

"ஒருக்காத்தான கூப்பிட்டிய?"

"கடல்ல ஒருக்காத்தான் கூப்பிடுவோம். தண்ணிக்குள்ள கெடக்கிறவனுக்கு அதுக்குமேல மூச்சு ஏது? ஒரு குரல் குடுத்துட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். அந்த ஒரு குரலுக்குக் காது குடுக்காதவனை எங்க ஊர்ல வத்தையில ஏத்த மாட்டோம்."

ஒச்சண்ணன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இறங்குகிற வழியெல்லாம் அந்த வாயாடி மனுஷன் வாயைத் திறக்கவில்லை. குரங்கணி வந்ததும் அக்காவிடம், "ஊருக்குப் போயி கோயில்ல ஒரு மெழுகுதிரி ஏத்திரு ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் விஷயம் மச்சானுக்குத் தெரிந்தது. நான்தான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். "என்னைக் கூப்பிட்டது நீங்கதான? நீங்கதான வந்திய? பிறகென்ன?" என்றாள்.

அடுத்த மழை தொடங்கும் முன்னால் அக்கா செத்துப்போனாள்.

விஷக்காய்ச்சல் என்றார் டாக்டர். அந்த வருஷம் கடற்கரையில் நிறையப் பேருக்கு வந்தது. நான் படித்தவன், வேதக்காரன், பேயையும் பிசாசையும் நம்பாதவன். அப்படித்தான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வேம்பாற்றில், அடக்கம் முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னதை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"கடைசி ரெண்டு நாளும் 'ஊம், இந்தா வர்றேன்'னுக்கிட்டே கெடந்தா மாப்ளே. யாரு கூப்பிட்டா லூர்துன்னு கேட்டா, 'நீங்கதான கூப்பிடுறீக'ங்கிறா. நான் கூப்பிடவே இல்ல மாப்ளே. பக்கத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டினார். "மலை ஏறுமுன்ன என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தொண்டை கிழிய முந்நூறு தடவ கூப்பிட்டிருப்பேனே."

போடியில் எல்லோரும் அந்த ஒண்ணாங் குரலைத்தான் நினைத்தார்கள். மலையில் அவள் பதில் சொன்ன கதை அடுப்படிகளில் புழங்கியது. அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ள அப்பா படாத பாடு பட்டார்.

மச்சான் அதற்குப் பிறகும் வந்தார். வருஷம் தவறாமல், காய் எடுக்கிற காலத்தில், அதே ரயிலில். வீட்டார் கட்டாயத்துக்கு வேறு கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தன. அந்த மகராசிதான் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புவாள், ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பியைக் குடித்துவிட்டு நேரே மலைக்குப் போவார். நான் கூடப் போவேன். ஒச்சண்ணன் முதல் வருஷம் வரமாட்டேன் என்று ஒளிந்துகொண்டார். பிறகு அவரே குரங்கணியில் வந்து காத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்.

அந்தப் பாறைக்குப் பக்கத்தில் போய் நின்று மச்சான் கூப்பிடுவார். எங்கள் வழக்கப்படி. "லூர்து. லூர்து. லூர்தூ..." கடல் கடந்து கேட்கிற குரல் அது. முதல் தடவை அவர் அப்படிக் கூப்பிட்டபோது, "எதுக்கு மச்சான் இது?" என்றேன்.

"எது எதுவோ என் குரல்ல கூப்பிட்டு அவளை ஏமாத்தியிருக்கு மாப்ளே. மூணு தடவ கூப்பிட்டா நான்தான்னு தெரிஞ்சுக்கிடுவால்ல?"

மூணாங் குரல் விழுந்துவிட்டால் யாராவது பதில் சொல்லியாகவேண்டும். அது மலை வழக்கம். மனசு பொறுக்காமல் நான் வாயைத் திறந்தேன். மச்சான் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ சொல்லாத மாப்ளே. அவ சொல்லட்டும்."

நின்றோம். மஞ்சு வந்து மூடியது, விலகியது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நின்றோம்.

இன்றைக்கு அந்த வழி எதுவும் இல்லை. கம்பியில் தேயிலைப் பெட்டி வருவது எப்போதோ நின்றுவிட்டது. மட்டக்குதிரைகள் இருந்த இடத்தில் ஜீப்பு வந்துவிட்டது. ஹாரன் அடித்தால் ஒரே தடவையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பாதை புதர் மூடிப்போனது. ஒச்சண்ணன் போய்விட்டார். அப்பா, அம்மா போய்விட்டார்கள். ஏலக்காய்க் கொட்டகையில் அக்காவைப் பேர் சொல்லிச் சிரித்த பெண்களில் ஒருத்தியும் இல்லை. மச்சானும் கண்ணை மூடிவிட்டார்.

லூர்து என்று கூப்பிட இந்த உலகத்தில் இனி ஆள் கிடையாது. நான் ஒருத்தன்தான் மிச்சம். எனக்கு அவள் அக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.